திடீர் மரணமும் எக்கோ பரிசோதனையும்



"நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. காலையில பெரட்டுக்குக் கிளம்பினவரு, அப்படியே சாஞ்சிட்டாரு." லயத்தில் இப்படிச் சொல்லக் கேட்காதவர் நம்மில் இல்லை. எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிடக் கூடாது. இந்த ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை ஓரளவு முன்கூட்டியே காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. அதன் பெயர் எக்கோ.

எக்கோ என்றால் என்ன?

காதுக்குக் கேட்காத ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பி, அது எதிரொலித்து வருவதைப் படமாக்குவதே எக்கோ. 1953-இல் சுவீடன் நாட்டில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் இதைத் தொடங்கினார்கள். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவிதான் அவர்களுக்கு வழிகாட்டியது.

இதில் ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. நெஞ்சில் பசை தடவி, ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தாய்மார்கள் கூச்சப்பட்டுப் போகாமல் இருக்காதீர்கள். பெண் பணியாளர் வேண்டுமென்று கேட்கலாம்.

அது என்ன காட்டும்?

இருதயத்தின் இடது கீழறையில் நிறையும் ரத்தம் 100 பங்கு என்று வையுங்கள். நல்ல இருதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 55 முதல் 70 பங்கை வெளியே தள்ளும். இது 35 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் ஆபத்து அதிகம்.

ஏன்? பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும்: கத்தி ஆழமாய்ப் பட்டு மரம் காயப்பட்டால், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். பால் நேராக ஓடாது. மாரடைப்பு வந்த இருதயத்திலும் இப்படித் தழும்பு விழுகிறது. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் அங்கே தடுமாறும். திடீரென்று இருதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

என்ன செய்வார்கள்?

முதலில் மாத்திரை. பலருக்கு மாத்திரையிலேயே இருதயம் தேறும். அதனால்தான் மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாள் கழித்து, சிலருக்கு மூன்று மாதம் கழித்து, மறுபடியும் எக்கோ எடுக்கச் சொல்வார்கள். அப்போதும் எண் தேறாவிட்டால், தோலுக்கடியில் ஒரு சிறு கருவி பொருத்தலாமா என்று மருத்துவர் யோசிப்பார். துடிப்பு தடுமாறினால் அது மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். 1980-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இது பொருத்தப்பட்டது.

நம்மவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது எக்கோவைத்தான். "வலிதான் நின்னு போச்சே, ஒரு நாள் சம்பளம் போயிடும், பட்டர்வொர்த் போய் ஃபெர்ரி ஏறி யார் போறது?" என்கிறோம். வலி நின்றது, தழும்பு போகவில்லையே! ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தால் கட்டாயம் போங்கள். லீவு கிடைக்கச் சிரமமென்றால் சங்கக் கிளைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

1. எக்கோ ஜோசியம் அல்ல. எண் நன்றாக இருந்தவர்களும் திடீரென்று இறந்திருக்கிறார்கள். ஆகவே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிகரெட், மது ஆகியவற்றில் கவனம் தேவை.

2. குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரம்பரையாக இருதயச் சுவர் தடிக்கும் நோயை எக்கோ காட்டிவிடும்.

3. வேலையின்போது மயக்கம் போட்டு விழுந்தால் "வெயில்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

4. ஒருவர் விழுந்து, பேச்சும் சரியான மூச்சும் இல்லையென்றால், 999-ஐக் கூப்பிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் பலமாகவும் வேகமாகவும் அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் மாரடைப்பு வந்தவர் இருந்தால், இன்றே அவருடைய ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை, அட்டையோடு போய்ப் புதுத் தேதி கேளுங்கள்.