ஓடும் வண்டியில் எரியும் அடுப்பு



ஒரகடம் பக்கம் இன்-பிளான்ட் டிரெயினிங் போனவர்களுக்கு அந்த டிபன் வண்டியைத் தெரியாமல் இருக்காது. சின்ன டெம்போ, பின்னால் தகரக் கூரை, நீல நிற 19 கிலோ சிலிண்டர், இரண்டு அடுப்பு. நைட் ஷிஃப்ட் விடுகிற நேரம் ஒரு கேட்டில் நிற்கும். கூட்டம் கரைந்ததும் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் அடுத்த கேட்டுக்குக் கிளம்பிவிடும். ஒரு நாள் காலையில் எனக்கும் அதே வழி என்பதால் அண்ணன் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடி வழியே பின்னால் பார்த்தால் சாம்பார் அண்டாவின் கீழே நீலச் சுடர் எரிந்துகொண்டே வருகிறது!

"அண்ணே, அடுப்பு எரியுது!"

"சிம்லதான் தம்பி இருக்கு. ஆறிப்போன சாம்பாரை எவன் தொடுவான்?"

இப்படிச் சொல்லிக்கொண்டே டீசல் போட பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினார். நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் டீசல் போட்டு முடிந்துவிட்டது. அன்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் சூட்டுக்காக அண்ணன் செய்ததையே வெளிநாடுகளில் குளிருக்காகச் செய்கிறார்கள் என்று பிறகு படித்தபோதுதான் இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது.

நெருப்பை வைத்து ஐஸ் உண்டாக்க முடியுமா? முடியும். ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் 1922-ல் அப்படி ஒரு ஃபிரிட்ஜை உருவாக்கினார்கள். அப்போது இருவரும் நம்மைப் போல மாணவர்கள்தாம்! அதில் கம்ப்ரஸர் கிடையாது, மோட்டார் கிடையாது. அம்மோனியா கரைந்த நீரை அடியில் ஒரு சிறு சுடர் கொதிக்க வைக்கும். பிரிந்து மேலே போகும் அம்மோனியா ஆவி குளிர்ந்து திரவமாகும். அந்தத் திரவம் ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் வந்ததும் மறுபடி ஆவியாகி, ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீர் அந்த ஆவியைக் கரைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். சத்தமே வராது என்பதால் ஹோட்டல் அறைகளில் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ்களில் பலவும் இந்த ஜாதிதான், அங்கே சுடருக்குப் பதில் மின்சார ஹீட்டர். வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் கேரவன்களில் இதை மூன்று விதமாக ஓட்டலாம்: நின்ற இடத்தில் கரண்ட் இருந்தால் கரண்டில், வண்டி ஓடும்போது 12 வோல்ட்டில், இரண்டும் இல்லாத இடத்தில் எல்.பி.ஜி.யில்.

தொல்லை எங்கே என்றால், ஓடும்போதும் சிலர் அதைக் கேஸிலேயே விட்டுவிடுகிறார்கள். "காற்றில் சுடர் அணைந்தால் தானே கேஸ் நின்றுவிடுமே" என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. சுடரில் ஒரு தெர்மோகப்பிள் இருக்கும். அது சூடாக இருக்கும்வரைதான் அதில் பிறக்கும் சிறு மின்னோட்டம் ஒரு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் போனால் வால்வு மூடிக்கொள்ளும். ஆனால் அந்த வால்வு இருப்பது எங்கே? குழாயின் கடைசியில், ஃபிரிட்ஜின் வாசலில். சிலிண்டரிலிருந்து அதுவரை வரும் குழாய் முழுக்க கேஸ் அழுத்தத்தில்தானே இருக்கிறது? வண்டி குலுங்கி நடுவில் ஒரு ஜாயின்ட் விட்டாலோ, மோதலில் குழாய் அறுந்தாலோ தெர்மோகப்பிளால் என்ன செய்ய முடியும்? அதனால்தான் சில நாடுகளில் மோதல் அதிர்ச்சியில் தானே மூடிக்கொள்ளும் ரெகுலேட்டரை வைக்கிறார்கள். அது இல்லாத வண்டியில் கிளம்பும் முன் சிலிண்டரிலேயே மூடுவதுதான் வழி. நம் டிபன் வண்டி அடுப்பிலோ அந்தத் தெர்மோகப்பிளும் கிடையாது. சுடர் அணைந்தாலும் கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டூர் வேனின் உள் கொள்ளளவு 12 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் சுமார் 2 சதவீதம் எல்.பி.ஜி. கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதாவது 0.24 கன மீட்டர். ஒரு கன மீட்டர் எல்.பி.ஜி. ஆவி ஏறக்குறைய 2 கிலோ. ஆக, அரை கிலோ போதும்! வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. இதுவும் வேன் முழுக்கச் சமமாகப் பரவினால் வரும் கணக்கு. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால் சீட்டுக்கு அடியில் தேங்கும். அங்கே இதைவிட மிகக் குறைவே போதும்.

இது வெறும் கணக்கு இல்லை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி எரிந்தது நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் தனியாக எடுத்திருந்த பெட்டி அது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் டீ போட முனைந்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயிலில் இத்தகைய பொருளை ஏற்றுவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஊர் விட்டு ஊர் போகும்போது நம் கையால் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை நம் வீடுகளில் மட்டும் இல்லையா என்ன? கோயில் டூர் வேன்களில் அரிசி மூட்டை பக்கத்தில் சிலிண்டரைப் படுக்கப் போட்டு, அதன்மேல் பெட்ஷீட் விரித்துக் குழந்தையைத் தூங்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் வால்வுக்கு அருகே ஆவி இருக்கும். படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். கசிந்தால் அந்தத் திரவம் ஏறக்குறைய 250 மடங்கு ஆவியாக விரியும்.

எல்.பி.ஜி.க்காவது நாற்றம் உண்டு, அதற்கென்றே மெர்காப்டன் சேர்க்கிறார்கள். இன்னொரு வாயுவுக்கு அதுவும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகுந்தது விசாரணையில் தெரிய வந்தது. ஃபிரிட்ஜின் சுடருக்குப் போதிய காற்று கிடைக்காவிட்டால் அதுவும் இதே வாயுவைத்தான் கக்கும். ஆகவே அதன் புகைக்குழாய் வண்டிக்கு வெளியேதான் திறக்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடின் கனம் கிட்டத்தட்ட காற்றின் கனம்தான், கீழே தேங்காது. எனவே எல்.பி.ஜி.க்கு அலாரம் வைப்பது தரையருகே, இதற்கு வைப்பது நாம் மூச்சுவிடும் உயரத்தில். ஒரே அலாரத்தை எங்கோ மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

டிபன் வண்டி அண்ணனிடம் வருவோம். இதையெல்லாம் அவரிடம் விளக்கினால் சாம்பார் சூடாக இருக்குமா? நானும் நண்பர்கள் இருவரும் ஒரு பழைய மரப்பெட்டிக்குள் தெர்மோகோல் பலகை ஒட்டி, அண்டா இறங்குகிற அளவுக்குச் செய்து கொடுத்தோம். கேட் விட்டுக் கேட் போகும் நேரத்துக்கு அதில் சூடு நன்றாகவே நின்றது. ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, சங்கிலியால் நிமிர்த்திக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்று ஒப்புக்கொண்டார்.

போன வாரம் பார்த்தேன். பெட்டி இருக்கிறது, சங்கிலியும் இருக்கிறது. ரெகுலேட்டர் மட்டும் சிலிண்டரிலேயே இருந்தது.

"என்னண்ணே இது?"

"அவசரத்துல மறந்துடுது தம்பி" என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய்க் கழற்றினார்.