ரீஸ்டார்ட் பட்டன்ல இருந்து கையை எடுங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாடல் வீட்டு கம்ப்யூட்டர்ல ட்ரெய்ன் ஆகிட்டிருக்கு. ஆறு மணி நேரம் ஓடியாச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி. அப்போ பார்த்து நெட் போகுது. கைடுக்கு இன்னைக்கு ராத்திரிக்குள்ள ரிப்போர்ட் அனுப்பியாகணும். வீட்ல யாரைக் கேட்டாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு"ம்பாங்க. பண்ணினா ஆறு மணி நேரமும் காலி. (செக்பாயின்ட் சேவ் பண்றவங்க தப்பிச்சீங்க. நம்மில் அப்படி எத்தனை பேர்?)

நெட்வொர்க்கை மட்டும் தனியாக நிறுத்தி எழுப்பலாம். அதற்கு முன், எங்கே அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்கணும். போன்ல மொபைல் டேட்டாவை அணைச்சிட்டு அதே வைஃபைல ஏதாவது பக்கத்தைத் திறங்க. அதுவும் வரலைன்னா கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கு. கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம்.

போன்ல வந்தா, விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து 'ஐபிகான்ஃபிக்' அடிங்க. ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்குதா? ரவுட்டர் முகவரி தரலைன்னு அர்த்தம். ரூம் அலாட் ஆகாத ஹாஸ்டல் பையன் ஏதோ ஒரு கதவுல தன் பேரை எழுதி ஒட்டிக்கிற மாதிரி, விண்டோஸ் தானே ஒரு முகவரியை வச்சுக்கும். 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரினியூ'. ஸ்லாஷுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ்.

முகவரி சரியா இருந்தா, அங்கேயே 'டீஃபால்ட் கேட்வே'ன்னு ஒரு எண் தெரியும், பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி. அதை பிங் பண்ணுங்க. பதில் இல்லைன்னா விண்டோஸ் கீ + ஆர் அழுத்தி என்-சி-பி-ஏ புள்ளி சி-பி-எல் அடிச்சு, அடாப்டரை ரைட் க்ளிக் செய்து டிசேபிள், பிறகு எனேபிள். டேட்டா முழுக்க உங்க டிஸ்க்ல இருந்தா ட்ரெய்னிங்குக்கு இது தெரியவே தெரியாது. நெட் வழியா டேட்டா படிக்கிற ப்ரோகிராம்னா அறுந்துடும், கவனம்.

கேட்வே பதில் தருது, 8.8.8.8 பிங்கும் வருது, ஆனா எந்த சைட்டும் திறக்கலையா? டிஎன்எஸ்தான். 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' போதும். கேட்கலைன்னா அடாப்டர் ப்ராபர்ட்டீஸ்ல டிஎன்எஸ் முகவரியா 1.1.1.1 கொடுங்க.

செட்டிங்ஸ்ல 'நெட்வொர்க் ரீசெட்'னு ஒரு பட்டன் ஆசை காட்டும். தொடாதீங்க, அது கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் பண்ணிடும்.

எதுவுமே சரிப்படலைன்னா போனை கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணி மெயிலை அனுப்பிடுங்க. மாடல் பாட்டுக்கு ஓடட்டும்.