தமிழை விட்டால்தான் பேச்சு வருமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருகிறாள், சொல்வதெல்லாம் புரிகிறது. ஆனால் 'அம்மா', 'பா' தவிர வேறு வார்த்தை வரவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, நாளை பள்ளியில் மராத்தி என்றிருந்தால் பிள்ளை குழம்பிவிடும், தமிழை நிறுத்து என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். நான் என்ன செய்ய?
– வாசகி, சீத்தா கேம்ப், மும்பை

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள், அம்மா. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் வாயில் தயக்கமில்லாமல் வரும் மொழியில்தான் அவளோடு நாளெல்லாம் பேச முடியும். அந்தப் பேச்சுதான் அவளுக்கு வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் வேறு. இக்குழந்தைகளுக்கு உதடு, நாக்குத் தசைகள் தளர்வாக இருக்கும். வாயின் உள்ளிடமும் குறுகல். அதனால் புரிதல் முன்னே போக, பேச்சு பின்தங்குகிறது. வசம்பு இதைச் சரிசெய்யாது, வேண்டாம்.

முதல் வேலை, காதுப் பரிசோதனை. இவர்களில் பலருக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் 'பல்', 'கல்' இரண்டும் அவளுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம். ஆண்டுக்கொரு முறையாவது காதையும் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும். பாந்த்ரா ரெக்ளமேஷனில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் காதுப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி இரண்டும் உண்டு. மான்குர்தில் ஹார்பர் லைன் ரயில் ஏறி, வடாலாவில் மாறிப் பாந்த்ராவில் இறங்கலாம்.

பயிற்சியாளர் வாரத்தில் சில மணி நேரம்தான் பார்ப்பார். மிச்ச நேரம் உங்களுடையது. தண்ணீர் பிடிக்கும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்தி, முகம் பார்த்து, 'தண்ணி... குடத்துல தண்ணி' என்று சொல்லுங்கள். பழத்தையும் பிஸ்கட்டையும் காட்டி, 'பழமா, பிஸ்கட்டா?' என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். நீங்களே முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். 'பா' என்றால், 'பால், பால் வேணும்' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். கைச்சாடையும் கற்றுக்கொடுங்கள், சாடை பேச்சைத் தடுக்காது, பேச்சுக்கு வழிவிடும். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது இவர்கள் மனதில் நன்றாகப் பதியும். படமும் எழுத்தும் உள்ள அட்டைகளை இப்போதே தொடங்கலாம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் எடுத்துவையுங்கள். அதைக் கொண்டு மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான அத்திட்டத்தில் தெரபிச் செலவுக்கும் இடமுண்டு.

வளர்ந்தால் தானாகப் பேசுவாள் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே காதைப் பரிசோதித்துவிடுங்கள். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள்.