மழையில் நாற்று அழுகாதிருக்க மேட்டுப்பாத்தி

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று விடுவோருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனைக் காலம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதங்கள் இவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கொட்டிய பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய மழையில் தட்டைப் பாத்தியில் விட்ட நாற்று ஓரிரு நாளில் வீணாகும். விதைக்குச் செலவிட்ட பணத்தோடு நடவுப் பருவமும் கை நழுவிப் போகும்.

நாற்று சாவது ஏன்?

வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. மண்ணின் இடுக்குகளில் நீர் தேங்கினால் காற்றுக்கு இடமில்லை. அந்த ஈரத்தில் பித்தியம் என்னும் பூசணம் பெருகித் தண்டின் அடியைத் தாக்குகிறது. நாற்று தரைமட்டத்தில் மெலிந்து சாய்ந்துவிடும். இதுவே நாற்றழுகல் நோய்.

இடத்தைச் சோதித்தல்

ஓர் அடி ஆழக் குழி எடுத்து நீர் நிரப்பவும். வடிந்தபின் மீண்டும் நிரப்பவும். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மறுநாளும் நின்றால் அது வடிகால் இல்லாத நிலம். வேறு மேடான இடம் தேடுவதே நல்லது.

பாத்தி அமைத்தல்

பாத்தி 1 மீட்டர் அகலமும் 15 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். நீளம் வசதிப்படி இருக்கலாம். இந்த அகலத்தில் இரு பக்கமும் நின்று கை எட்டும். பாத்தியை மிதிக்க வேண்டியதில்லை. மிதித்த மண் இறுகி நீரை வடிய விடாது. செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பவும். பாத்தியின் நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்கட்டும். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. அது தவறு. மேல் மண் முழுவதும் ஊறிய பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும்.

வாய்க்காலே முக்கியம்

பாத்தியை உயர்த்தினால் மட்டும் போதாது. வடியும் நீர் வெளியேற வழி வேண்டும். பாத்திகளுக்கிடையே ஓர் அடி அகல வாய்க்கால் எடுத்து, பள்ளப் பக்கம் சரிவு கொடுத்து, அதைவிட ஆழமான பொது வாய்க்காலில் சேர்க்கவும். அந்நீரைப் பண்ணைக் குட்டைக்குத் திருப்பலாம். அடுத்தவர் நாற்றங்காலில் விடலாகாது.

விதைப்பும் பராமரிப்பும்

கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, வரிசைக்கு வரிசை 5 முதல் 10 செ.மீ. இடைவெளியில் விதைக்கவும். நெருக்கி விதைத்தால் நோய் எளிதில் பரவும். வைக்கோல் மூடாக்கை முளை வந்ததும் எடுத்துவிட வேண்டும். பூவாளியால் காலையில் நீர் தெளிக்கவும். மண் ஈரமாயிருந்தால் தெளிக்க வேண்டாம். மழை விட்டதும் வாய்க்கால் அடைப்பை நீக்கவும். அழுகல் தென்பட்டால் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றவும்.

மிளகாய் நாற்று நடவுக்கு வர 40 நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நாள் உழைப்பைக் காப்பது மழைக்கு முன் மண்வெட்டியால் எடுக்கும் வாய்க்காலே.