கடற்சாமந்திக்கு ஒளி வேண்டும்

மீன்தொட்டியில் வளர்வது மீன் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். கோமாளி மீனும் கடற்சாமந்தியும் சேர்ந்து வாழும் தொட்டியிலோ நாம் வளர்ப்பது மூன்று உயிர்களை. மீன் ஒன்று, சாமந்தி இரண்டு, கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசி மூன்று. இம்மூன்றாம் உயிரை மறந்துவிடுவதால்தான், ஆசையோடு வாங்கிய சாமந்தி சில திங்களில் சுருங்கி மடிந்து போகிறது.

கடற்சாமந்தி பூவன்று, விலங்கு. கொட்டும் உணர்கொம்புகளால் இரை பிடிப்பது. ஆயினும் கோமாளி மீனுக்கு இடங்கொடுக்கும் சாமந்திகள் இரையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அவற்றின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, தாம் ஆக்கிய உணவில் பெரும்பகுதியைச் சாமந்திக்கே தந்துவிடுகின்றன. மீன் வெளியிடும் அம்மோனியா அப்பாசிகளுக்கு உரமாகிறது. மீன் உரமிடுகிறது; பாசி விளைவிக்கிறது; சாமந்தி உண்டு, மீனுக்கு வீடாகிறது. நம் ஊர் வயலில் நடப்பதும் இதுதானே! வெயில் இல்லாத வயலில் எவ்வளவு உரமிட்டும் பயன் என்ன?

இராமநாதபுரத்துக் கடலோரத்தில், ஆழமற்ற நீரின் மணற்பரப்பில், கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் சாமந்திகளைக் காணலாம். அவற்றில் செபே என்னும் இனக் கோமாளி மீன்கள் வாழ்கின்றன. அங்கே ஒளி தருபவன் கதிரவன். மும்பையில், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள நம் அறையில், ஒளி தருவது நாம் வாங்கும் விளக்கு. ஆகவே விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிதல் வேண்டும்.

முதலாவது, ஒளியின் அளவு. கடைக்காரர் சொல்லும் 'லூமென்' கணக்கு மனிதக் கண்ணுக்கு உரியது. நம் கண் பச்சை ஒளியை மிகுதியாக உணரும். பாசிக்கு அது முதன்மையன்று. 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே பாசிக்குரிய கணக்கு. நண்பகல் வெயிலில் இது சுமார் 2000. தொட்டிச் சாமந்திக்கு 150 முதல் 300 வரை வேண்டுமென்பது வளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு.

அறையில் எரியும் குழல் விளக்கு போதாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு ஏறத்தாழ 2000 லூமென் தரும். தொட்டி 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உடையதென்றால் அதன் பரப்பு 0.54 சதுர மீட்டர். ஒளி முழுவதும் அதன்மேல் விழுந்தாலும் கிடைப்பது சுமார் 3700 லக்ஸ். வெள்ளொளியில் ஏறக்குறைய 70 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம். எனவே விடை 53! தேவையில் மூன்றில் ஒரு பங்குதான். சிதறலால் இழப்பதைக் கழித்தால் இன்னும் குறையும்.

இரண்டாவது, ஒளியின் நிறம். கடல்நீர் செந்நிறத்தை விரைவில் விழுங்கிவிடும். நீலம் ஆழத்துக்குச் செல்லும். பாசியின் பச்சையமும் 430 நானோமீட்டர் அளவிலுள்ள நீல ஒளியை நன்கு ஏற்கும். ஆதலின் நீலமும் வெண்மையும் கலந்த, கடல் தொட்டிக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்கே ஏற்றது.

மூன்றாவது, வெப்பம். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் நல்ல ஒளி தந்தன. தண்ணீரையும் சுட வைத்தன. தாராவியின் தகரக் கூரைக்கடியில் மே மாதத்தில் தொட்டிநீர் கொதிப்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சூடு மிகுந்தால் சாமந்தி தன் பாசிகளையே வெளியேற்றி வெளிறிப் போகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் வெளிறியதும் இவ்விதமே. நீர் 25 முதல் 27 பாகை செல்சியசில் இருத்தல் நலம்.

நான்காவது, பழக்கம். புதிய சாமந்திமேல் முழு ஒளியையும் ஒரே நாளில் பாய்ச்சலாகாது. குறைந்த ஒளியில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுக. நாள்தோறும் 10 மணி நேரம் போதும். இரவில் இருள் வேண்டும்.

கிராபர்டு மார்க்கெட்டிலோ வேறெங்கோ வாங்கும்போது, வெள்ளை வெளேரென்றிருக்கும் சாமந்தியை அழகென்று எண்ணி ஏமாற வேண்டா. அது பாசியை இழந்து பட்டினி கிடக்கும் உயிர். கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ சாயம் ஏற்றியதாக இருக்கலாம். பழுப்பு நிறமே பெரும்பாலும் நலத்தின் அடையாளம்.

சாமந்தி எளிதில் மூப்படையாத உயிர். 1828-இல் கடலிலிருந்து எடுத்த வேறோர் இனச் சாமந்தி எடின்பரோவில் 1887 வரை வாழ்ந்தது. அத்தகைய உயிரை ஆறே மாதத்தில் இருட்டில் பட்டினியிட்டுக் கொல்ல நமக்கு உரிமை உண்டா?

நண்பர்களே, விளக்கு முதலில், சாமந்தி பின்னர் என்பதே முறை. நல்ல விளக்கு வாங்க இயலாத மாணவர் வருந்த வேண்டியதில்லை. தொட்டியில் பகைமீன் இல்லையாதலால், கோமாளி மீன் சாமந்தியின்றியும் நன்கு வாழும். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆராய்ச்சியாளர்கள் இம்மீன்களைப் பொரிப்பகத்திலேயே பெருக்கிக் காட்டியிருக்கின்றனர். அவ்வாறு பிறந்த மீன் இரண்டை வளர்ப்போம். சாமந்தி, அதற்குரிய ஒளியை நாம் தரும் நாள் வரை, கதிரவன் காக்கும் கடலிலேயே இருக்கட்டும்.