ஏரித் திட்டில் ஒரு காடு: ஊர்க்காட்டைப் பொறுப்பேற்கும் இளைஞருக்குக் கடிதம்

சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் மூக்கனேரியின் பரப்பு ஏறத்தாழ 58 ஏக்கர். 2010-இல் சேலம் மக்கள் குழு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு அதைத் தூர்வாரத் தொடங்கியது. அள்ளிய வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அவற்றின் மேல் மரக்கன்றுகளை நட்டார்கள். சில ஆண்டுகளில் திட்டுகள் தோப்புகளாயின. பறவைகள் வந்தன, கரையில் காலை நடைக்கு ஊர்க்காரர்களும் வந்தார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் ஊர்க்காடு ஒன்றை நடத்த முன்வரும் இளைஞர் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது.

பார்க்கும்போது நிலம் யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏரி அரசின் நீர்நிலைப் புறம்போக்கு. மரம் நட்ட உழைப்பு யாரையும் அதன் உரிமையாளர் ஆக்கிவிடாது. மேய்ச்சல் நிலம், களம், தோப்பு போன்ற சில புறம்போக்குகளில் நிலைமை வேறு. அவற்றின் நிர்வாகத்தை 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியிடம் தருகிறது. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் பலர் பணம் போட்டுத் தரிசு நிலத்தை விலைக்கு வாங்கிக் காடாக்கிய முயற்சியும் உண்டு. எந்த வகையானாலும், முதல் குழி தோண்டுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்துவிட வேண்டும். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி அனுமதி, கொடுத்த அதிகாரி மாற்றலாகும் நாளோடு போய்விடும்.

காட்டில் நடக்க வருபவருக்கும் கூடு கட்ட வரும் பறவைக்கும் ஒரே இடம் ஒத்துவராது. மூக்கனேரியின் அமைப்பு இதற்கு எளிய விடை தருகிறது: கரை மனிதருக்கு, திட்டு பறவைக்கு, இடையில் உள்ள தண்ணீர்தான் வேலி. மடையானும் வக்காவும் கட்டும் கூடு சில சுள்ளிகளின் தளர்ந்த அடுக்கு மட்டுமே. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சில கூடுகளில் முட்டையே இடுக்கு வழியாகத் தெரியும். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். அந்தச் சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். ஆகவே திட்டுக்குப் படகு விடும் யோசனையை எவ்வளவு வருமானம் காட்டிச் சொன்னாலும் ஏற்கக் கூடாது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி அடுத்த கோடையில் வற்றும்வரை இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கரை முழுக்க மின்விளக்கு போடுவதும் இதே கெடுதலைச் செய்யும். நடைபாதை உள்ள பக்கத்துக்கு மட்டும் தாழ்ந்த விளக்கு போதும். எதிர்க்கரை இருட்டாகவே இருக்கட்டும்.

மரத் தேர்வு மண்ணைப் பொறுத்தது. திட்டின் விளிம்பில் வெட்டிவேர் மண்ணைப் பிடிக்கும். ஈரம் தேங்கும் இடத்தில் நீர்மருது, நாவல், புங்கன். மேட்டில் ஆலும் அத்தியும். மேட்டாங்காட்டுச் செம்மண்ணில் உசிலும் வெள்வேலும் ஆச்சாவும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கோடையையும் தாங்கும். பூவுக்காகவும் அவசர நிழலுக்காகவும் வெளிநாட்டு மரங்களை வரிசையாக நடும் பழக்கத்தை விட்டுவிடலாம். சீமைக்கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் எடுத்தால் அதில் அடையும் பறவைக்கு அந்த ஆண்டு போக்கிடம் இருக்காது. பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் கன்று நிலைத்த பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். பட்டுப்போன மரம் பாதைமேல் விழாது என்றால் நிற்கட்டும். மரங்கொத்தியும் புள்ளி ஆந்தையும் அதன் பொந்தை நம்பி இருக்கின்றன.

வருமானத்தில்தான் பெரிய சறுக்கல் நேர்கிறது. 1980களில் சுவீடன் உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழகமெங்கும் ஏரிகளின் உட்பரப்பில் கருவேலம் நடப்பட்டது. மரம் முற்றியதும் விறகுக்கு ஏலம் போனது. ஏரி முழுவதையும் ஒரே ஏலத்தில் வெட்டினால் கூடுகளும் சேர்ந்தே போகும். புளி மகசூல், மீன் குத்தகை, காய்ந்த விறகு இவற்றில் வருமானம் எடுக்கலாம். நிற்கும் மரத்தில் கை வைக்கக் கூடாது. மீன் குத்தகை ஒப்பந்தத்திலேயே வெடி, நச்சு, கூடுள்ள திட்டை ஒட்டி வலை விரிப்பது ஆகியவற்றுக்குத் தடை எழுதப்பட வேண்டும்.

விதிகளைப் பலகையில் எழுதி நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊரே கூடி எடுத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. காவலுக்கு ஆள் போட்டு அதைப் பெற முடியாது. ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், ஏரித் தண்ணீரில் பாசனம் செய்பவர், காலையில் நடப்பவர் ஆகிய எல்லோரும் உட்கார்ந்து, எங்கே போகலாம், எந்த மாதத்தில் போகக் கூடாது என்று பேசித் தீர்க்க வேண்டும். வழக்கமாகப் பேசாமல் போகும் பெண்களின் விறகுத் தேவையை அங்கே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆடு நுழையக் கூடாத இடத்தைச் சொல்லும் அதே கூட்டத்தில், ஆடு மேயும் இடத்தையும் ஒதுக்கித் தர வேண்டும்.

வரவு செலவுக் கணக்கோடு அந்த ஆண்டில் எண்ணிய கூடுகளின் கணக்கையும் ஊரார் முன் வாசிப்பது நல்ல வழக்கம். பொறுப்பேற்கும் இளைஞர் எல்லோரும் உட்கார்ந்து பேசும் முதல் கூட்டத்தை இந்த ஐப்பசி மழைக்கு முன்பே கூட்டட்டும்.