வீட்டு இணையத்தின் வேகம் திடீரெனக் குறைந்தால்

நிலத்தை இழந்து, கண்டியைச் சுற்றியுள்ள புதிய குடியேற்றங்களில் வாழும் நமது குடும்பங்களுக்கு வீட்டு இணையம் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் போஞ்சிக்கும் கறிமிளகாய்க்கும் என்ன விலை என்று பார்ப்பதும், பிள்ளை மாலை வகுப்பில் அமர்வதும், வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் முகத்தைக் காண்பதும் அதன் வழியாகத்தான். கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் இணையப் பாடத்துக்காகக் காட்டுவழியே மலையுச்சிக்கு ஏறிய செய்தி உலகமெங்கும் போனது. ஆகவே வேகம் குறையும்போது வீட்டில் பதற்றம் ஏற்படுவது இயல்பே. அந்தப் பதற்றத்தில்தான் பணம் வீணாகிறது. கடைக்கு ஓடிப் புதிய ரவுட்டர் வாங்குகிறோம். அல்லது மாதக் கட்டணம் கூடிய பொதிக்கு மாறுகிறோம். பழுது வேறெங்கோ இருந்தால் இரண்டாலும் பயன் இல்லை.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நம் வரப்பில் நண்டு வளை இருக்கிறதா, வாய்க்கால் எங்காவது உடைந்திருக்கிறதா, மேல்மடைக்காரர் திருப்பிவிட்டாரா, குளத்திலேயே நீர் இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறோம். எதையும் பாராமல் புதிய நீர்ப்பம்பி வாங்குவதில்லை. இணையத்துக்கும் இதே ஒழுங்குதான். வீட்டுக்குள்ளிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும்.

முதலில் அளந்து பார்ப்போம். ரவுட்டரை ஒரு நிமிடம் அணைத்து மீண்டும் போடுங்கள். பின்புறத்தில் ஊசித்துளை போல இருக்கும் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். அது அமைப்புகள் முழுவதையும் அழித்துவிடும். பிறகு வீட்டிலுள்ள மற்ற எல்லாத் தொலைபேசிகளிலும் வைஃபையை நிறுத்திவிட்டு, ஒன்றை மட்டும் ரவுட்டரின் அருகில் வைத்து, ஸ்பீட்டெஸ்ட் போன்ற வேகச் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். மடிக்கணினி இருந்தால் கம்பியால் நேரே இணைத்துச் சோதிப்பது இன்னும் நல்லது. விடியற்காலை, நண்பகல், இரவு 8 மணி என மூன்று வேளையும் அளந்து, பிள்ளையின் கொப்பியில் எழுதி வையுங்கள். சோதனையும் டேட்டாவைத் தின்னும் என்பதால் விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் கணக்கில் சொல்கின்றன. தொலைபேசியில் கோப்பு இறங்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்ததே 1 பைட். ஆகவே 16 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 2 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகமே, யாரும் ஏமாற்றவில்லை.

மூன்று வேளையும் ஒரே மாதிரி மிகக் குறைவாக இருக்கிறதா? மாதத்துக்குரிய டேட்டா முடிந்திருக்கலாம். பல பொதிகளில் அளவு முடிந்ததும் இணைப்பைத் துண்டிப்பதில்லை, வேகத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். பழுது என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு இதுதான் என்பது நம் எண்ணம். நிறுவனத்தின் செயலியில் மிச்சத்தைப் பாருங்கள். உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேரம் காணொளி பார்த்தால் ஏறத்தாழ 2 ஜிகாபைட் வரை போகலாம். படத்தின் தரத்தை 480க்கு இறக்கினால் அதில் சிறு பங்கே போதும். அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் கொடுத்திருப்பதும் நம் வீடுகளில் சகஜம். கொடுப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பது கிணற்றுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரவுட்டரின் அருகில் வேகம் நன்றாக இருந்து, அடுத்த அறையில் குறைந்தால் பழுது வீட்டுக்குள்தான். தகரம் வைஃபை அலைகளுக்குச் சுவர் போன்றது. தகரத்தால் மறைத்த தற்காலிக வீடுகளில் ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலோ தகரத் தட்டியை ஒட்டியோ வைக்காமல், வீட்டின் நடுவே மார்பளவு உயரத்தில் வையுங்கள். லயன் அறைகள் போல நெருக்கமாக வீடுகள் இருக்கும் இடங்களில் எல்லா ரவுட்டர்களும் 2.4 கிகாஹேர்ட்சு அலைவரிசையில் ஒன்றையொன்று நெருக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் மூன்றே: 1, 6, 11. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவற்றுள் ஒன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். 5 கிகாஹேர்ட்சு இருந்தால் அருகில் இருப்போர் அதைப் பயன்படுத்தலாம். வேகம் கூடும், ஆனால் சுவரைத் தாண்டி அதிக தூரம் போகாது.

வீட்டுக்குள் குறை இல்லை என்றால் வாய்க்காலைப் பார்ப்போம். இது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி இன்னும் இருக்கும் வீடுகளில் மழைதான் முதல் எதிரி. கம்பி மூட்டுகளில் நீர் இறங்கினால் வேகம் விழும், இணைப்பு விட்டுவிட்டு வரும். வீட்டுத் தொலைபேசியை எடுத்து, ஓர் இலக்கத்தை அழுத்தி, ஒலி நின்றதும் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்ற சத்தம் இருந்தால் பழுது கம்பியில். புதிய ரவுட்டர் அதைத் தீர்க்காது. தொலைபேசிக்கு முன்னால் பொருத்தும் சிறு வடிகட்டி கழன்றிருந்தாலும் இதே குணம் காட்டும். பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட இவ்வகை இணைப்பின் வேகம் குறையும். 5 கிலோமீற்றர் அளவில் இருக்கும் வீட்டுக்குக் கூடிய வேகப் பொதி விற்பது வீண்.

கண்ணாடி இழை வந்த வீடுகளில் மழைக்குப் பயமில்லை, மடிப்புக்குத்தான் பயம். மெல்லிய அந்தக் கம்பியை ஆணியில் சுற்றினாலோ யன்னலில் நெரித்தாலோ உள்ளே ஓடும் ஒளி வெளியே கசிந்துவிடும். எலியும் கடிக்கும். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு வெளிச்சம் வந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். முறைப்பாடு செய்வதைத் தவிர வேறு வேலை நமக்கில்லை. முனையைக் கழற்றிக் கண்ணருகில் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேடு செய்யும்.

குடியேற்றங்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டர். இதற்கு மலைதான் பிரச்சினை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு முகடு வந்தால் அலை நிழலில் நாம் இருக்கிறோம். நேற்றுவரை நன்றாக இருந்தது என்பீர்கள். இடையில் யாராவது மாடி எழுப்பியிருக்கலாம், மரம் தழைத்திருக்கலாம், அல்லது ரவுட்டர் வேறொரு கோபுரத்தைப் பிடித்திருக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் தெரியும். அது கழித்தல் 80 அளவில் இருந்தால் நல்லது, கழித்தல் 110 என்றால் மிகவும் பலவீனம். ஒவ்வொரு யன்னலாக வைத்து, சில நிமிடம் பொறுத்து, எண்ணைப் பாருங்கள். ஒரு யன்னலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் உங்களை வியக்க வைக்கும். இது செலவில்லாத வைத்தியம்.

கோபுரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இதை நாடு முழுவதும் உணர்ந்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தில் வீதிகளோடு மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் துண்டித்ததை எவரும் மறக்கவில்லை. இப்படியான நாட்களில் அயலவர் எல்லோருக்கும் ஒரே குறை இருக்கும், கேட்டாலே தெரிந்துவிடும். காலையில் நல்ல வேகமும் இரவு 8 மணிக்கு மட்டும் மந்தமுமாக இருந்தால் நெரிசல்தான் காரணம். பெரஹரா நாட்களில் நகரத்தில் இது இன்னும் கூடலாம். கனமான கோப்புகளை விடியற்காலையில் இறக்கிக்கொள்ளுங்கள். சில வேளை குளத்திலேயே குறை இருக்கும்: 2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே கடலடிக் கம்பிகள் சேதமுற்றபோது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும்கூட வேகம் குறைந்தது.

இடிமுழக்கம் மிகுந்த ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் ரவுட்டரின் மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வைக்க வேண்டும். மின்னல் பட்ட பெட்டி முழுவதும் சாகாமல் அரைகுறையாக ஓடுவதும் உண்டு. அப்போது மட்டும் கடைக்குப் போகலாம்.

முறைப்பாடு செய்யும்போது "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் "அணைத்துப் போடுங்கள்" என்றே பதில் வரும். தமிழில் பேச வேண்டும் என்று கேட்டு, இப்படிச் சொல்லுங்கள்: "திங்கட்கிழமையிலிருந்து வேகம் குறைந்துள்ளது. டேட்டா மீதி இருக்கிறது. ரவுட்டரின் அருகில், ஒரே கருவியை வைத்து, மூன்று வேளையும் அளந்தேன், எண்கள் இவை." முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு, திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். நியாயமான காலத்துக்குள் தீர்வு வராவிட்டால் அந்த இலக்கத்துடன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை 1900 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். திருத்துவதற்கு ஊழியர் வரும் நாளில் கொப்பியை அவரிடம் காட்டுங்கள். வேலை முடிந்ததும் அவர் நிற்கும்போதே மறுபடி ஒருமுறை அளந்து, அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிய பிறகு கையொப்பம் இடுங்கள்.